பத்தியத்துக்கு ஓர் இலை

மருந்துகள் தனியாக வெளியே கிளம்பாத காலம் ஒன்று இருந்தது. எந்த மருந்தை யார் கூப்பிட்டாலும், சொந்தத்தில் ஒரு ஆள் கூடவே துணைக்கு வரும். சூரணம் வந்தால் அவன் பெண்டாட்டி பத்தியம் வருவாள். மாத்திரை வந்தால் அவனுடைய அண்ணன் வேளை வருவான். கையில் கடிகாரம் கட்டியிருப்பான், நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்ப்பான். வயிற்றில் போடுகிற மண்பட்டி வந்தால், அவனுடைய தாய்மாமா உறக்கம் கொட்டாவி விட்டுக்கொண்டே பின்னால் வருவார்.

இதுதான் ஏற்பாடு. ஆனால் எந்த ஏற்பாட்டிலும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? மருந்து வந்தால் வாங்க, உட்காருங்க என்று ஏக உபசாரம். கூட வந்தவரிடம் மட்டும், நீங்க இன்னொரு நாள் வாங்களேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். அந்த இன்னொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது.

அம்பாசமுத்திரத்தில் சிவசைலம் என்று ஒரு சமையல் மாஸ்டர் இருந்தார். கல்யாணச் சமையல். வறுத்து அரைத்த தேங்காயும் சின்ன உள்ளியும் புளியும் சேர்த்து அவர் வைக்கிற கருத்த தீயலை, பந்தியில் மூன்றாம் தடவை கேட்டு வாங்காத ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை. இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. சாமிக்குப் படைக்கும் முன்னால் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்க மாட்டார். அண்டாவுக்கு மேல் முகத்தை நீட்டி ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். இன்னும் ஒரு கை உப்பு என்பார். போட்டால் சரியாக இருக்கும்.

இப்படி ஊர் வயிற்றை எல்லாம் நிறைத்த மனுஷனுக்குத் தன் வயிற்றில் புண் வந்துவிட்டது. அடுப்பில் எரிகிற நெருப்பு போதாது என்று உள்ளேயும் ஒரு கங்கு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி உலகம்மையிடம்கூட. வயிற்றுப் புண்ணுக்காரன் வைத்த குழம்பை எவன் நம்பிச் சாப்பிடுவான்? இந்தக் கேள்வி அவருக்குப் புண்ணைவிட அதிகமாக எரிந்தது. ஒரு பந்தியில் ஒருத்தன் வாயில் விழுந்தால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்குள் சேதி ஆழ்வார்குறிச்சி தாண்டிப் போய்விடும். முப்பது வருஷத்துப் பெயர். அது போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஆகவே உள்ளூர் வைத்தியர் பக்கம் தலைகாட்டாமல், பாபநாசம் போகிற வழியில் ஒரு சித்த வைத்தியரிடம் போனார். வைத்தியர் நாடி பார்த்துச் சூரணத்தைக் கூப்பிட்டார். சூரணம் வந்தான். பின்னாலேயே பத்தியமும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு மண்டலத்துக்குப் புளி கூடாது, மிளகாய் கூடாது, கத்தரிக்காய் கூடாது, ஊறுகாய் இருக்கிற திசையில் உட்காரவே கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். சிவசைலமும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் சூரணத்தை மடியில் முடிந்துகொண்டார். பத்தியத்திடம், இந்தா வந்துட்டேன் என்று சொல்லி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. மருந்தை மடியில் ஒளிக்கலாம். பத்தியத்தை எங்கே ஒளிப்பது? அவள் பக்கத்து இலையில் வந்து உட்காருகிறவள். தீயல் வைத்த மாஸ்டர் தீயலைத் தொடாமல் மோர் சாதம் பிசைந்தால் பந்தியே திரும்பிப் பார்க்காதா?

சூரணத்தால் எரிச்சல் முழுசாக அடங்கவில்லை. திருநெல்வேலிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். மாத்திரையும் வேளையும் வந்தார்கள். வேளை படியேறும்போதே கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, மாஸ்டர் சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகிறது என்றான். அவனுக்கும் தாழ்ப்பாள்தான். அப்புறம் குற்றாலம் ரோட்டில் ஒரு இயற்கை வைத்தியசாலை. வீட்டுக்கு வந்ததும் மண்பட்டி உள்ளே போனான், உறக்கம் வெளியே நின்றார். உறக்கம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. தெருக்குழாய்ப் பக்கம் நிழல் பார்த்துச் சாய்ந்துகொண்டார்.

உள்ளே வந்த மூன்று பேரையும் பரண்மேல் இருந்த ஒரு பழைய தூக்குவாளிக்குள் சிவசைலம் ஒளித்து வைத்தார். வலி வந்தால் கையை விடுவார், யார் அகப்படுகிறார்களோ அவர்களை எடுப்பார். மூடி போட்ட வாளிக்குள் மூன்று பெரிய மனிதர்கள். சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

"பொதிகை மலையில என் பாட்டனுக்குப் பாட்டன் முளைச்சவன். நீ நேத்து ஒரு தொழிற்சாலையில பிறந்தவன்" என்றான் சூரணம்.

"என் முதுகுல தேதி அச்சடிச்சிருக்கு. உன்னை எந்த வருஷம் இடிச்சாங்கன்னு உனக்காவது தெரியுமா?" என்றான் மாத்திரை.

மண்பட்டி நிதானமாகச் சொன்னான்: "எதுக்குப்பா சண்டை. கடைசியில ரெண்டு பேரும் எங்கிட்டதான வந்து சேரணும்."

ஒரு நாள் வயிறு கொஞ்சம் அடங்கியிருந்தால், அது என்னால்தான் என்று மூன்று பேரும் மார்தட்டுவார்கள். மறுநாள் எரிந்தால், இந்த இரண்டு பேரோடு என்னையும் சேர்த்துப் போட்டால் எப்படி வேலை செய்வது என்று மூன்று பேரும் அலுத்துக்கொள்வார்கள். இப்படியே ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது.

வெளியே கதை வேறு. முதல் இரண்டு நாள் பத்தியமும் வேளையும் உறக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வேறு வேறு வைத்தியத்து ஆட்கள் இல்லையா, முறைப்பு இருக்கத்தானே செய்யும். மூன்றாம் நாள் பத்தியம்தான் பேச்சைத் தொடங்கினாள். உங்க டாக்டர் என்ன சொல்லி அனுப்பினார் என்று வேளையைக் கேட்டாள்.

வயிறு காயாமல் நேரத்துக்குச் சாப்பிடணும், காரம் ஆகாது, வெறும் வயிற்றில் காப்பி ஆகவே ஆகாது என்று அவன் மனப்பாடமாக ஒப்பித்தான்.

பத்தியம் மூக்கில் விரலை வைத்தாள். அவளுடைய வைத்தியர் சொல்லி அனுப்பியதும் அதேதான். உறக்கத்தைத் தட்டி எழுப்பிக் கேட்டார்கள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். காரத்தைக் குறை, நேரத்தோடு சாப்பிடு, நேரத்தோடு படு, இவ்வளவுதான் தாயி எனக்கும் சொன்னது என்றார்.

"மூணு வைத்தியரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டாவ" என்றாள் பத்தியம். "சொல்லிவிட்ட சேதி மட்டும் ஒண்ணு."

அப்புறம் அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாளிக்குள் கிடப்பவர்களுக்கு இது தெரியாதே என்று நினைக்க நினைக்க இன்னும் சிரிப்பு வந்தது. உறக்கத்துக்கே தூக்கம் கலைந்துவிட்டது.

பத்தியம் மட்டும் விடவில்லை. தினம் ஜன்னல் பக்கம் போய் நின்று, உள்ளே விடுங்க என்று கேட்பாள். சிவசைலம் குரலைத் தாழ்த்தி ஒரே பதிலைச் சொல்லுவார். என் தொழில் அப்படி தாயி, நாலு பானையை ருசி பார்த்தால்தான் சமைக்க முடியும், உன்னை வைத்துக்கொண்டு நான் எப்படி ருசி பார்க்கிறது என்பார். உண்மையாகவே இப்போது கரண்டி கரண்டியாக ருசி பார்க்கவும் ஆரம்பித்திருந்தார். கூடாது என்று ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்றால் நாக்குக்கு வருகிற ஆசை இருக்கிறதே, அது தனி ரகம்.

கார்த்திகையில் ஒரு நிச்சயதார்த்தம். விடியற்காலை போனவர் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காப்பி, அப்புறம் ருசி பார்த்த தீயல் மூன்று கரண்டி என்று ஓட்டிவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பினார். நேராகக் கொல்லைப்புறம் போனார். குனிந்தார். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ரத்த வாந்தி வந்தது. அதைப் பார்த்து உலகம்மை துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பரணைக் கைகாட்டினார். அவள் வாளியை இறக்கி மூடியைத் திறந்தாள். மூன்று பேரும் திருதிருவென்று முழித்தார்கள்.

"உங்கள்ல யாரு இவுகளுக்கு வைத்தியம் பாக்குதது?" என்று கேட்டாள்.

இத்தனை நாள் மார்தட்டியவர்களுக்கு அந்த நிமிஷம் வந்த அடக்கம் இருக்கிறதே, பார்க்கக் கண்கோடி வேண்டும். நான் சும்மா ஒரு துணைக்கு வந்தேன் என்றான் சூரணம். வலித்தால் மட்டும்தான் என்னைக் கூப்பிடுவார், நடுவில் நான் இருப்பதே ஞாபகம் இருக்காது என்றான் மாத்திரை. மண்பட்டி, தன்னைச் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவே இல்லை என்று காட்டினான்.

ஆட்டோவைக் கூப்பிட உலகம்மை தெருக்கதவைத் திறந்தாள். வாசல்படியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் நீங்கள் என்று கேட்டாள். சொன்னார்கள்.

"எத்தனை நாளா இங்க இருக்கீய?"

"ஆடியில இருந்து" என்றாள் பத்தியம்.

உலகம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தினம் அந்த வாசலில்தான் அவள் கோலம் போட்டாள். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் ஏறுங்க என்றாள். புருஷன், வாளி, வாசலில் இருந்தவர்கள் என்று ஒரு ஆட்டோவில் அத்தனை பேரும் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் குழாய் விட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். உலகம்மை எதையும் மறைக்கவில்லை. வாளியை மேஜைமேல் கவிழ்த்து, இன்ன இன்னதைச் சாப்பிட்டிருக்கிறார் என்று சொன்னாள். டாக்டர் அம்மா சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், அப்புறம் அடுப்படியை மறந்துவிட வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார். மாத்திரை தினமும் தவறாமல் உள்ளே போக வேண்டும், சூரணம் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். அதை உலகம்மை சித்த வைத்தியருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அதுதான் சரி, சூரணத்தைத் திருப்பி அனுப்பு, பத்தியத்தை மட்டும் அனுப்பிவிடாதே என்றார் அவர். பெண்டாட்டியை வைத்துக்கொண்டு தன்னைத் திருப்பி அனுப்பியதில் சூரணத்துக்கு வந்த வருத்தம் கொஞ்ச நஞ்சமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே சிவசைலம் பழைய பாட்டை எடுத்தார். தொழில் அப்படி, ருசி பார்க்க வேண்டாமா என்றார். உலகம்மை கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருசமா ஆவியைப் புடிச்சே உப்பு சொன்ன மனுசன், இப்ப என்னத்துக்கு நாக்கு கேக்குதீய?"

அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பேரு போயிரும் ஏட்டி" என்றார்.

"பேரு இருந்து நீங்க இல்லாட்டி நான் அதை வச்சு என்ன செய்ய? எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அவள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள். பத்தியம் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு கஞ்சியைக் கிண்டினாள்.

அதற்கப்புறம் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. வேளை கடிகாரத்தைத் தட்டினால் தட்டு வரும். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பத்தியம் பார்த்துக்கொண்டாள். பத்து மணிக்கு உறக்கம் பாயை விரித்துவிட்டு, என்ன மாஸ்டர், வாறீயளா என்பார். மத்தியானம் அரை மணி நேரம் மண்பட்டி வயிற்றில் படுத்துக்கொள்வான். மாத்திரையும் அண்ணன் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தான். மார்கழி முடியும்போது எரிச்சல் அடங்கியிருந்தது. முகத்தில் சதை பிடித்திருந்தது. புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆனால் இன்னும் மூன்று மாதம் எதையும் விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் அம்மா சொன்னார்.

தை மாசம் கல்லிடைக்குறிச்சி ரைஸ்மில் மந்திரமூர்த்தி வீட்டுக் கல்யாணம். போன வருஷமே சிவசைலம்தான் என்று பேசி முடித்தது. உலகம்மையும் காய் நறுக்கக் கூட வந்தாள். மண்டபத்து வாசல் வரைக்கும் பத்தியமும் வேளையும் கூடவேதான் வந்தார்கள். அங்கே வந்ததும் சிவசைலத்தின் கால் நின்றுவிட்டது. வேளை உள்ளே வரட்டும், கைக்கடிகாரத்தை யார் என்ன கேட்கப் போகிறார்கள். உறக்கத்தை வீட்டிலேயே விட்டாயிற்று. பத்தியத்தைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும், இந்தச் செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிறாயா என்று கெஞ்சினார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். போய் நின்றாள்.

அன்றைக்கு அவர் ஒரு கரண்டிகூட நாக்கில் வைக்கவில்லை. ஆவியைப் பிடித்தே ஆறு அண்டாவையும் இறக்கினார். தீயல் வாசனை தெருமுனை வரைக்கும் போனது. முதல் பந்தியில் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள், அப்புறம் உறவும் ஊருமாக மூன்று பந்தி எழுந்தது. கடைசிப் பந்தி வீட்டுக்காரர்களுக்கும் சம்பந்திகளுக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம், கடைசிப் பந்தியில் மாஸ்டரைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, பெண்ணைப் பெற்றவரே பரிமாறுவார். அந்த மரியாதைக்காகத்தான் சிவசைலம் முப்பது வருஷம் புகையில் நின்றது.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது. மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தீயல் வாளியோடு அவர் முன்னால் வந்து நின்றார். பந்தி முழுக்க இந்தப் பக்கமே பார்த்தது. சாப்பிட்டால் வயிறு போகும். மறுத்தால் பெயர் போகும். சமையற்கட்டு வாசலில் உலகம்மை கைகட்டி நின்றாள். கரண்டி சாய்ந்தது. சிவசைலம் சோற்றுக்கு மேல் கையை விரித்து மறித்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வயித்துல புண்ணு. பத்தியம் வாசல்ல நிக்கா. அவளை உள்ள கூப்பிட்டுக்கிடுதேன்."

கரண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சிவசைலம் குரல் கொடுத்தார். பத்தியம் வாசலில் இருந்து அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகம்மை அவளுக்கும் ஒரு இலை போட்டு, இரண்டு பேருக்கும் மோர் ஊற்றினாள். முப்பது வருஷமும் இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சிவசைலம் சோற்றைப் பிசைந்தார். ஆனால் வயிறு நன்றாகப் பசித்தது.

மந்திரமூர்த்தி வாளியைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"வே, உம்ம ஆளு உள்ள வரலாம்னா, என் ஆளும் அங்கதான் நிக்கா. சுகருக்கு உள்ளவ. மூணு வருசமா எந்தக் கல்யாணத்துக்கும் நான் அவளை உள்ள கூட்டிட்டு வந்ததில்லை. சத்தம் போடாம கூப்பிடும்."

சத்தம் போடாமல்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்து இலையில் இருந்த சம்பந்திக்குக் காது கூர்மை. அவருக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொன்னவள் காலையில் இருந்து வெயிலில் நிற்கிறாள். அவரும் கையை உயர்த்தினார். அடுத்து ஒரு ரிட்டையர்டு தாசில்தார். அடுத்து மாப்பிள்ளையின் அத்தை. யாரோ ஒரு ஆள் கதவைத் திறந்து வாசலை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

செருப்பு விடுகிற இடத்தில் செருப்பைவிடப் பத்தியங்கள்தான் அதிகமாக நின்றார்கள். சர்க்கரைக்கு உள்ளவள், கொதிப்புக்கு உள்ளவள், மூலத்துக்கு உள்ளவள், மூட்டுவலிக்கு உள்ளவள், காமாலை இப்போதுதான் இறங்கினவனுடைய சின்னப் பத்தியம் ஒருத்தி என்று ஊர்ப் பத்தியம் அத்தனையும் அங்கேதான். ஒவ்வொருத்தரும் தன்னுடையவளை மட்டும் அங்கே விட்டுவிட்டு, அடுத்தவனுக்கு ஒரு நோயும் இல்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார்கள். கதவு திறந்ததும் அவர்கள் எல்லாம் வரிசையாக உள்ளே வந்து, அவரவர் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இலைக்கட்டு தீர்ந்து, இரண்டு கட்டு புதிதாக அவிழ்க்க வேண்டியதாயிற்று.

எழுந்து கைகழுவும்போது மந்திரமூர்த்தி, அடுத்த தையில் என் மூத்தவன் கல்யாணத்துக்கும் நீர்தான் என்று சிவசைலத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சிவசைலத்தின் தீயல் வாழ்நாளில் முதல் தடவையாக அரை அண்டா மிச்சமானது. மோர்தான் பத்தவில்லை.